நான்கு 4 டிபியா, இரண்டு 8 டிபியா? ஒரு வீட்டு சர்வருக்குப் போட்ட டிஸ்க் கணக்கு

ஹார்டு டிஸ்க் வாங்கப் போகும்போது முதலில் எழும் கேள்வி, மொத்தம் எத்தனை டிபி (டெராபைட், 1,000 ஜிபி) கிடைக்கும் என்பதுதான். அமைப்பைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி வேறு. மூன்றாம் வருடமோ நான்காம் வருடமோ ஒரு டிஸ்க் படுத்துவிட்டால், அன்றைக்கு வீட்டில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? சரிசெய்ய எத்தனை மணி நேரம் ஆகும்? அதற்குள் இன்னொன்றும் போனால் என்ன மிஞ்சும்? கீழே வரும் கணக்கு முழுவதும் அந்த ஒரு நாளை மனத்தில் வைத்துப் போட்டது.

எடுத்துக்கொண்ட வீடு

கணக்குக்காக வைத்துக்கொண்ட நிலைமை இது. வீட்டிலிருந்தே கல்யாண ஆர்டர் எடுக்கும் ஒரு புகைப்படக்காரர். ஒரு கல்யாணத்துக்கு 2,000 ரா படங்கள் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூல ஃபைல்), ஒவ்வொன்றும் 30 எம்பி என்றால் 60 ஜிபி. வீடியோத் துண்டுகள் 20 ஜிபி. வருடத்துக்குப் பத்து கல்யாணம் என்றால் 800 ஜிபி. ஏற்கெனவே மூன்று நான்கு எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் சிதறிக் கிடப்பது 3 டிபி. நான்கு வருடம் தாங்க வேண்டும் என்று வைத்தால் 6.2 டிபி வருகிறது. எந்த ஃபைல் சிஸ்டத்தையும் (டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தும் முறை) விளிம்பு வரை நிரப்பக் கூடாது. குறிப்பாக, பல டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ் (ZFS) 80 சதவீதத்தைத் தாண்டி நிரம்பும்போது எழுதும் வேகம் மெல்லச் சரியத் தொடங்கும். 8 டிபியில் 80 சதவீதம் 6.4 டிபி. ஆக, பயன்படுத்தக் கிடைக்க வேண்டியது 8 டிபி. (8 டிபி டிஸ்க்கைப் போட்டதும் திரையில் 7.28 என்று காட்டும். பெட்டியில் 1,000-இன் மடங்கு, கம்ப்யூட்டரில் 1,024-இன் மடங்கு. யாரும் ஏமாற்றவில்லை.)

சர்வர் ஒரு பழைய டெஸ்க்டாப். 3.5 அங்குல டிஸ்க்குக்கு நான்கு இடம் (பே), மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்க ஆறு சாட்டா போர்ட், 16 ஜிபி ராம், ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் தனியாக 250 ஜிபி எஸ்எஸ்டி, அதில் டெபியன் லினக்ஸ். இசட்எஃப்எஸ்ஸுக்கு ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ராம் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது வீட்டு அளவுக்குப் பொருந்தாது. ஒரே தரவை இரண்டு முறை எழுதாமல் தவிர்க்கும் டீடூப்ளிகேஷனைத் தொடாதவரை 8 ஜிபியே போதும். பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ராம் இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காகத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை.

இந்தப் படங்கள் புகைப்படக்காரருடையவை மட்டுமல்ல என்பதுதான் இங்கே கனமான விஷயம். தாலி கட்டிய நிமிடத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது. சினிமா டவுன்லோடு செய்து வைப்பவரின் சர்வருக்கும் இதற்கும் அளவுகோல் ஒன்றாக இருக்கவே கூடாது.

நான்கு வழிகள், மூன்றில் ஒரே கொள்ளளவு

ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பும்படி அமைப்பது. மிரர் என்றால் ஒரே தரவு இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும். ரெய்டு 5, ரெய்டு-இசட் வகைகளில் பாரிட்டி இருக்கும்: போன டிஸ்க்கில் இருந்ததை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு மீட்க உதவும் கூடுதல் தகவல். முதல் வழி, நான்கு 4 டிபி டிஸ்க்கில் ரெய்டு 5 அல்லது அதன் இசட்எஃப்எஸ் வடிவமான ரெய்டு-இசட்1. கிடைப்பது 12 டிபி. ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டாவது, அதே நான்கில் ரெய்டு-இசட்2. கிடைப்பது 8 டிபி. எந்த இரண்டு போனாலும் தாங்கும். மூன்றாவது, அதே நான்கை இரண்டு மிரர் ஜோடிகளாகப் பிரிப்பது. கிடைப்பது 8 டிபி. ஒன்று போனால் தாங்கும், இரண்டாவதும் போனால் எந்த இரண்டு என்பதைப் பொறுத்தது. நான்காவது, இரண்டே இரண்டு 8 டிபி டிஸ்க்கில் ஒரு மிரர். அதிலும் கிடைப்பது 8 டிபி.

ரெய்டு என்ற பெயரும் யோசனையும் 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்ஸன், ராண்டி கட்ஸ் மூவரின் கட்டுரையிலிருந்து பரவியவை. அன்றைக்குப் பெரிய டிஸ்க் என்றால் யானை விலை. மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து அதன் வேலையை வாங்குவதுதான் அவர்கள் வைத்த வாதம். இன்று நிலைமை தலைகீழ். இரண்டு 8 டிபியின் விலை பெரும்பாலும் நான்கு 4 டிபியின் விலையைவிடக் குறைவு. 24 மணி நேரமும் சுழலும் ஒரு 3.5 அங்குல டிஸ்க் சும்மா இருக்கும்போதே 5 வாட் அளவில் இழுக்கும். இரண்டு டிஸ்க் குறைந்தால் வருடத்துக்குச் சுமார் 88 யூனிட் மிச்சம். டிஸ்க்கின் எண்ணிக்கை கூடினால் அவற்றில் ஏதாவது ஒன்று போகும் வாய்ப்பும் கூடுகிறது. ஆனாலும் "நான்கு பே இருக்கிறதே, நான்கையும் நிரப்பிவிடலாம்" என்ற ஆசையில்தான் பெரும்பாலான வீட்டு சர்வர்கள் தொடங்குகின்றன.

ஒரு டிஸ்க் போன நாள்

ரெய்டு-இசட்1-இல் ஒன்று போனதும் மீதி மூன்றும் கட்டாயம் பிழைத்தாக வேண்டும். புது டிஸ்க்கைப் போட்டதும் அந்த மூன்றிலும் உள்ளது மொத்தமும் படிக்கப்பட்டு, கணக்கிடப்பட்டு, புதியதில் எழுதப்படும். மூன்றும் ஒரே வருடம், ஒரே கடை, பெரும்பாலும் ஒரே பேட்ச்; ஒரே அளவு வேலை செய்து ஒரே அளவு தேய்ந்தவை. வாழ்நாளில் அதிகமாக உழைக்க வேண்டிய நாள் அதுதான்.

இங்கே ஒரு பழைய பயமுறுத்தலைத் தெளிவாக்க வேண்டும். டெஸ்க்டாப் டிஸ்க்குகளின் விவரத்தாளில், படிக்க முடியாத பிழை அதிகபட்சம் 10-இன் 14ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒன்று என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டிபி. மூன்று 4 டிபியை முழுக்கப் படித்தால் 12 டிபி. ஆகவே ரெய்டு 5 மீளவே மீளாது என்று வாதிடுவார்கள். அந்த எண் உற்பத்தியாளர் தரும் மேல் வரம்பு. நல்ல நிலையில் உள்ள டிஸ்க்குகள் நடைமுறையில் அதைவிட நன்றாகவே படிக்கின்றன. பிழை வந்தாலும், மீளமைப்பு முழுவதையும் நிறுத்திவிடுவது பழைய ரெய்டு கார்டுகளின் குணம். இசட்எஃப்எஸ் அந்த ஒரு ஃபைலை இழந்ததாகப் பெயர் சொல்லிக் காட்டிவிட்டு மேலே போகும். எனவே ரெய்டு-இசட்1 வேண்டாம் என்பதற்கு இந்த எண் காரணமில்லை. மீளும்வரை மீதி மூன்றில் எந்த ஒன்று போனாலும் எல்லாமே போகும் என்பதே காரணம்.

மிரரில் மீளமைப்பு என்பது ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு நகல், அவ்வளவுதான். பாரிட்டிக் கணக்கு எதுவும் கிடையாது. இசட்எஃப்எஸ் காலி இடத்தைத் தொடாமல், உள்ள தரவை மட்டும் நகலெடுக்கும். 5 டிபி தரவு, நொடிக்கு 150 எம்பி என்று வைத்தால் ஒன்பதேகால் மணி நேரம். இரவில் போட்டால் காலையில் முடிந்திருக்கும்.

இரண்டு மிரர் ஜோடிகளில் ஒன்று போனபின், மீதி மூன்றில் அதன் ஜோடி போனால் மட்டுமே ஆபத்து. ரெய்டு-இசட்2-இல் அந்த ஆபத்தும் இல்லை. டிஸ்க் சாவதை மட்டும் பார்த்தால் அதுவே பலமானது. ஆறு டிஸ்க்கும் அதற்கு மேலும் தேவைப்படும் இடத்திலும், வேறு ஊரில் இருந்து உடனே போய் டிஸ்க் மாற்ற முடியாத இடத்திலும் ரெய்டு-இசட்2 தான் சரி. இந்த வீட்டிலோ சர்வர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தேவையான 8 டிபியும் ஒரே டிஸ்க்கில் அடங்கிவிடுகிறது.

இதனால் தேர்வு நான்காவது வழி: 8 டிபி இரண்டு, மிரராக. மிச்சமாகும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து மூன்றாவதாக ஒரு 8 டிபி. அது சர்வருக்குள் போகாது. வீட்டுக்கே வெளியே போகும். ரெய்டு-இசட்2-க்கு இரண்டு டிஸ்க்கைத் தாங்கும் சக்தி இருந்தும் கீழ்க்கண்ட எதற்கும் அது உதவாது: தவறான ஃபோல்டரை அழிப்பது, விண்டோஸ் லேப்டாப் வழியாக ரான்சம்வேர் (பணம் கேட்டுத் தரவைப் பூட்டும் வைரஸ்) நெட்வொர்க்கில் பகிர்ந்த ஷேர் முழுவதையும் பூட்டுவது, பவர் சப்ளை எரிந்து எல்லா டிஸ்க்குக்கும் ஒரே நேரத்தில் தப்பான மின்னழுத்தம் போவது, திருட்டு, தண்ணீர். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்துக்குள் வெள்ளம் புகுந்த வீடுகளில் எத்தனை பாரிட்டி டிஸ்க் இருந்திருந்தாலும் பயனில்லை. கூடுதல் டிஸ்க்குக்குச் செலவிடும் பணம் சர்வருக்குள் இருப்பதைவிட இன்னொரு வீட்டு அலமாரியில் இருப்பது இந்தப் படங்களுக்கு அதிகப் பாதுகாப்பு.

சேர்க்காமல் விட்டவை

மதர்போர்டில் உள்ள ரெய்டு வசதி: வேண்டாம். போர்டு போனால் அதே வகை போர்டைத் தேடி அலைய வேண்டும். பழைய ஹார்டுவேர் ரெய்டு கார்டுக்கும் இதே பதில்; அதோடு அதன் கேஷ் (தற்காலிக நினைவகம்) பேட்டரி செத்தால் வேகமும் போகும். யூஎஸ்பி பெட்டிக்குள் நான்கு டிஸ்க் வைத்து அதில் ரெய்டு போடுவது இன்னும் மோசம். சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் பிரிட்ஜ் சிப்கள் பல, டிஸ்க்கின் உண்மையான சீரியல் எண்ணை மறைத்துவிடும். சுமை ஏறும்போது ஒரு நொடி துண்டித்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு நொடியில் நான்கு டிஸ்க்கும் சேர்ந்து காணாமல் போகும்.

இன்னொரு ஃபைல் சிஸ்டமான பிடிஆர்எஃப்எஸ்ஸில் (Btrfs) மிரர் நம்பகமானது. அதன் ரெய்டு 5, 6 வகைகளைப் பற்றி அந்தத் திட்டத்தின் ஆவணமே எச்சரிக்கிறது. லினக்ஸின் எம்டிஆட்ம் (mdadm) பல வருடம் அடிபட்டுத் தேறிய ரெய்டு கருவி, ஆனால் தரவுக்குச் செக்சம் (தரவு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) வைப்பதில்லை. மிரரில் இரண்டு நகலும் வேறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது. இசட்எஃப்எஸ்ஸுக்குத் தெரியும், தப்பான பக்கத்தைச் சரியான பக்கத்தைக் கொண்டு திருத்திவிடும். பத்து வருடம் திறக்கப்படாமல் கிடக்கும் படங்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஸ்னாப்ரெய்டு என்ற மென்பொருள் தனி வகை. 3, 4, 6 டிபி என்று கலவையாகக் கிடக்கும் டிஸ்க்குகளில் மாறாத சினிமாத் தொகுப்பு வைத்திருப்பவருக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் பாரிட்டி, சிங்க் என்ற கட்டளை ஓடும்போது மட்டும்தான் கணக்கிடப்படும். மதியம் மெமரி கார்டிலிருந்து இறக்கிய கல்யாணப் படத்துக்கு இரவு சிங்க் ஓடும்வரை பாதுகாப்பே இல்லை. கார்டை அன்று மாலையே ஃபார்மட் செய்துவிடும் பழக்கம் உள்ள தொழிலில் அது பெரிய ஓட்டை.

ஓடு அடுக்கிய டிஸ்க்

எந்த டிஸ்க் வாங்குவது என்பதில் விலைக்கும் பிராண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது எழுதும் முறை. சிஎம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் அருகருகே தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் ஒன்றின் மேல் ஒன்று ஓரம் ஏறிப் படுத்திருக்கும், ஓட்டு வீட்டுக் கூரையில் நாட்டு ஓடு அடுக்கியதைப் போல. நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் ஏறியிருக்கும் ஓடுகளையும் எடுத்து மறுபடி அடுக்க வேண்டும். டிஸ்க்கும் அதையே செய்கிறது: அந்தத் தொகுதி முழுவதையும் படித்து, மாற்றி, திரும்ப எழுதுகிறது. இதை மறைக்கத் தட்டின் ஒரு பகுதியைச் சாதாரண முறையில் கேஷாக வைத்திருப்பார்கள். அன்றாடம் பத்து இருபது ஜிபி எழுதும்போது எதுவும் தெரியாது. மீளமைப்பில் பல டிபி இடைவிடாமல் எழுதும்போது கேஷ் நிரம்பும். டிஸ்க் தன் உள்வேலையில் மூழ்கிப் பதில் சொல்லாமல் நிற்கும். ரெய்டு அதைச் செத்ததாக எண்ணி வெளியே தள்ளும்.

2020 ஏப்ரலில் இது வெளிச்சத்துக்கு வந்தது. நாஸுக்கு (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) என்றே விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள், விவரத்தாளில் சொல்லாமலே எஸ்எம்ஆருக்கு மாறியிருந்தன. 4 டிபியில் பழைய மாடல் இஎஃப்ஆர்எக்ஸ் என்று முடியும், மாறியது இஎஃப்ஏஎக்ஸ். சர்வ்-த-ஹோம் தளம் அவ்வருடம் செய்த சோதனையில், ரெய்டு-இசட் மீளமைப்பை மற்ற டிஸ்க்குகள் 17 மணி நேரத்துக்குள் முடித்தன. அந்த எஸ்எம்ஆர் டிஸ்க் எடுத்துக்கொண்டது 9 நாளுக்கு மேல். ஒன்பது நாளும் பாதுகாப்பில்லாமல் காத்திருப்பது என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்தால், டிஸ்க் தேர்வும் ரெய்டு தேர்வும் ஒரே கேள்வி என்பது விளங்கும். பிறகு அந்நிறுவனம் பட்டியலை வெளியிட்டு, ரெட், ரெட் பிளஸ், ரெட் புரோ என்று பெயரைப் பிரித்தது. ரெட் பிளஸ்ஸும் ரெட் புரோவும் சிஎம்ஆர்.

இன்றைக்கு இந்த வீட்டுக்கு வாங்கத் தகுந்தவை: ரெட் பிளஸ் 8 டிபி, சீகேட் அயர்ன்வுல்ஃப் 8 டிபி, டொஷிபா என்300 8 டிபி. இவற்றில் இரண்டு வெவ்வேறு பிராண்ட். ஒரே பேட்ச் குறை இரண்டையும் ஒரே மாதத்தில் சாய்ப்பதைத் தவிர்க்க இதைவிட எளிய வழி இல்லை. அளவு ஒத்துப்போகுமா என்ற பயம் வேண்டாம்: 8 டிபி என்றால் எல்லா பிராண்டிலும் 15,628,053,168 செக்டர்தான் (டிஸ்க்கில் எழுதும் மிகச்சிறிய துண்டு). சீகேட் பேரகூடா 8 டிபி விலையில் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் அது எஸ்எம்ஆர். மிரருக்குள் அதற்கு இடமில்லை. வெளியே வைக்கும் பேக்கப் டிஸ்க்காக இருந்தால் தாராளமாகப் போகலாம்.

நாஸ் டிஸ்க்குக்கு இன்னொரு குணமும் உண்டு. படிக்க முடியாத செக்டர் வந்தால் 7 நொடியில் கையை விரித்துவிடும். ரெய்டு இன்னொரு நகலிலிருந்து எடுத்துக்கொள்ளும். டெஸ்க்டாப் டிஸ்க் நிமிடக்கணக்கில் முயன்றுகொண்டிருக்கும். லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும். பிறகு இணைப்பையே ரீசெட் செய்யும். ஒரு செக்டர் பழுது முழு டிஸ்க் வெளியேற்றமாகப் பெருகுவது இப்படித்தான். கையில் டெஸ்க்டாப் டிஸ்க்தான் இருக்கிறது என்றால், ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கருவியில் எஸ்சிடி-இஆர்சி (பிழை வந்தால் எவ்வளவு நேரம் முயல்வது என்ற வரம்பு) மதிப்பை 70, 70 என்று வைக்க வேண்டும் (பத்தில் ஒரு பங்கு நொடிக் கணக்கு). பல டிஸ்க்குகளில் பவர் அணைத்தால் அது மறைந்துவிடும், எனவே பூட் ஆகும்போதெல்லாம் ஓடுமாறு எழுத வேண்டும். அந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால் கெர்னலின் டைம்அவுட்டை 180 நொடியாக ஏற்றுங்கள்.

எக்ஸ்டர்னல் பெட்டியை உடைத்து உள்ளே இருக்கும் டிஸ்க்கை எடுத்துப் போடுவோர் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வாரண்டி போகும். சில டிஸ்க் பழைய பவர் சப்ளையில் சுழலவே சுழலாது: சாட்டா பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்துகொள்ளும்படி புதிய விதி. அந்த ஒரு பின்னின் மேல் மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப்பை மெல்லியதாக ஒட்டினால் ஓடும். செத்த டிஸ்க் என்று திருப்பிக் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

பெட்டி, வயர், கரண்ட்

சுழலத் தொடங்கும் நொடியில் ஒவ்வொரு டிஸ்க்கும் 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். இரண்டு டிஸ்க்குக்கு இது பொருட்டில்லை. நாளைக்கு நான்கானால் 8 ஆம்பியர், 96 வாட். தரமான 450 வாட் பவர் சப்ளை தாங்கும். தாங்காதது, நான்கு முள் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவு வயர். கனெக்டரை ஒரே வார்ப்பாகப் பிளாஸ்டிக் ஊற்றிச் செய்த வகையில் உள்ளே வயர்கள் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டு உருகி எரியும். பின்பக்கம் மூடியைத் திறந்தால் வயர் தனித்தனியாகத் தெரியும் அமுக்கு வகையை மட்டும் வாங்க வேண்டும். பவர் சப்ளையிலேயே உள்ள சாட்டா முனை போதுமானால் அதைவிட நல்லது.

டிஸ்க்குகளுக்கு இடையே ஒரு பே காலியாக விட்டு, முன்னால் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன். மே மாதத்தில் அறை 36 டிகிரி இருந்தாலும் டிஸ்க் 45-ஐத் தாண்டாமல் இருந்தால் நிம்மதி.

பவர் கட்டுக்கு வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்பக் கூடாது. மாறும் நேரத்தைச் சமாளிக்க அதிலுள்ள ஸ்விட்சை யூபிஎஸ் மோடில் வைக்கலாம். ஆனால் பேட்டரி தீரப்போகிறது என்று அது சர்வரிடம் சொல்லாது. யூஎஸ்பி போர்ட் உள்ள சிறிய யூபிஎஸ் ஒன்றை நடுவில் வைத்து, நட் (NUT) மென்பொருள் வழியாக சர்வர் தானாக அணையும்படி செய்ய வேண்டும். மலிவான 600 விஏ மாடல்கள் பலவற்றில் அந்த போர்ட்டே இருக்காது. பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். எம்டிஆட்ம் ரெய்டு 5-இல் எழுதும் நடுவே கரண்ட் போனால் தரவும் பாரிட்டியும் ஒத்துப்போகாமல் நின்றுவிடும் ரைட் ஹோல் பிரச்சினை உண்டு. இசட்எஃப்எஸ் பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதிவிட்டுக் கடைசியில் சுட்டியை மாற்றுவதால் அந்தச் சிக்கல் இல்லை. ஆனாலும் அந்தக் கடைசி நொடிகளில் எழுதியது போகும்.

அமைக்கும் வேலை

டிஸ்க் வந்ததும் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே கண்காணிக்கும் வசதி) நீண்ட சோதனை. 8 டிபிக்கு அரை நாளுக்கு மேல் ஓடும். அடுத்து பேட்பிளாக்ஸ் என்ற கருவியால் டிஸ்க் முழுவதும் எழுதிப் படித்துப் பார்க்கும் சோதனை. பிளாக் அளவு 4096 என்று கொடுத்தாக வேண்டும். இயல்பான 1024-இல் எண்ணிக்கை 32 பிட்டைத் தாண்டுவதால் ஓட மறுக்கும். நான்கு வடிவம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எழுத்து, ஒரு வாசிப்பு. மொத்தம் எட்டுச் சுற்று, நாலரை ஐந்து நாள். பொறுமையைச் சோதிக்கும், ஆனாலும் செய்யுங்கள். கடையில் மாற்றித் தரும் காலத்துக்குள் சாக வேண்டியது செத்துவிடட்டும்.

பூலை (இசட்எஃப்எஸ் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பாக்கும் தொகுப்பு) உருவாக்கும்போது எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களைக் கொடுக்காதீர்கள். கேபிளை மாற்றிச் செருகினால் அவை மாறும். டிஸ்க்-பை-ஐடி ஃபோல்டரில் மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்த பெயர் இருக்கும், அதைக் கொடுங்கள். அமைப்புகள்: ஆஷிஃப்ட் (செக்டர் அளவு) 12, இதைப் பிறகு மாற்ற முடியாது; கம்ப்ரெஷன் எல்இசட்4; ஏடைம் (ஃபைல் திறந்த நேரத்தைக் குறிப்பது) ஆஃப். படங்களும் வீடியோவும் இருக்கும் டேட்டாசெட்டுக்கு (பூலுக்குள் தனி அமைப்பு உள்ள பகுதி) ரெக்கார்டு சைஸ் 1 எம்பி.

அடுத்தது ஐந்து நிமிட வேலை. ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணிலும் கடைசி நான்கு எழுத்தை வெள்ளை டேப்பில் எழுதி, டிஸ்க்கைக் கழற்றாமலே தெரியும் ஓரத்தில் ஒட்டுங்கள். செத்ததை விட்டுவிட்டு உயிரோடு இருப்பதைப் பிடுங்குவது வீட்டு சர்வரில் அடிக்கடி நடக்கும் பிழை.

மாதம் ஒரு முறை ஸ்க்ரப் (தரவு முழுவதையும் படித்துச் செக்சத்தோடு ஒப்பிடும் வேலை) ஓட வேண்டும். டெபியனின் இசட்எஃப்எஸ் பொதியில் அது மாதத்தின் இரண்டாவது ஞாயிறு தானாக ஓடும்படி வந்திருக்கும். நீங்கள் பயன்படுத்தும் அமைப்பில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் குழு 2022 ஜனவரியில் தங்கள் பெரிய சேமிப்பகத்தில் தரவை இழந்ததை வெளிப்படையாகச் சொன்னது; அங்கே ஸ்க்ரப் ஓடுமாறு அமைக்கப்படவே இல்லை. தொழில் தெரிந்தவர்கள், ரெய்டு-இசட்2, இருந்தும்.

எச்சரிக்கை மெயில் வருகிறதா என்பதை உண்மையாகச் சோதிக்க வேண்டும். பழைய படங்களை ஏற்றுவதற்கு முன், பூலில் சில சோதனை ஃபைல்களை வைத்து, சர்வரை அணைத்து, ஒரு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி ஆன் செய்யுங்கள். பூல் டிகிரேடட் (ஒரு டிஸ்க் குறைவு) என்று வர வேண்டும். ஃபைல் திறக்க வேண்டும். போனில் மெயில் விழ வேண்டும். மூன்றில் ஒன்று நடக்காவிட்டாலும் அமைப்பு முடியவில்லை என்றே பொருள்.

ஸ்மார்ட் பட்டியலில் பழுதான, படிக்க முடியாத செக்டர்களைக் காட்டும் 5, 187, 197, 198 ஆகிய நான்கு வரிகளைக் கவனித்தால் போதும். பூஜ்யத்திலிருந்து நகர்ந்தால் மாற்று டிஸ்க்கைத் தயார் செய்யுங்கள். 199 (தரவு அனுப்புவதில் பிழை) ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. சீகேட்டில் 1-க்கு (படிப்புப் பிழை விகிதம்) நேரே கோடிக்கணக்கில் தெரியும் எண் இயல்பானது. கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை (தட்டைச் சோதிக்கும்போது கண்ட பிழை) வந்த டிஸ்க், வராததைவிட 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு. அதே ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. அறிகுறி வந்தால் நம்புங்கள். வராததை நம்பிப் பேக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவது டிஸ்க்

யூஎஸ்பி பெட்டியில் போட்டு, அதில் தனிப் பூல், என்க்ரிப்ஷனோடு. இதற்குச் சாவியைக் காகிதத்தில் எழுதி, டிஸ்க் இருக்கும் வீட்டில் இல்லாமல் வேறிடத்தில் வைக்க வேண்டும். சர்வரில் தினமும் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் தரவு இருந்த நிலையின் மாறாத பதிவு): தினசரி 30, மாதாந்திரம் 6 போதும். ஷேர் வழியாக வரும் ரான்சம்வேரால் ஸ்னாப்ஷாட்டைத் தொட முடியாது. மாதம் ஒரு முறை டிஸ்க்கைக் கொண்டுவந்து இசட்எஃப்எஸ் சென்ட் மூலம் மாறியதை மட்டும் அனுப்பினால் 70, 80 ஜிபி. ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஸ்க்ரப் ஒன்றையும் சில மாதத்துக்கு ஒருமுறை அந்த டிஸ்க்கில் ஓட்டிவிட்டுத் திருப்பி அனுப்பலாம். கல்யாண சீசனில் இடையில் ஒரு முறை கூடுதலாக. மெமரி கார்டை இந்த நகல் போகும்வரை அழிக்காமல் வைத்திருப்பது நல்ல பழக்கம்.

டிஸ்க் போனால், இடம் தீர்ந்தால்

ஒரு டிஸ்க் திணறத் தொடங்கினால் அதை உடனே கழற்றாதீர்கள். இரண்டு பே காலியாக விட்டதன் பலன் இங்கேதான். புது டிஸ்க்கை மூன்றாவது பேயில் போட்டு, பழையதும் உள்ளே இருக்கும்போதே இசட்பூல் ரீப்ளேஸ் கட்டளையைக் கொடுங்கள். பாதி செத்த டிஸ்க்கிலும் பெரும்பகுதி படிக்கக்கூடியதாகவே இருக்கும். நகலெடுக்கும் நேரம் முழுவதும் மிரர் மிரராகவே நிற்கும். முடிந்தபின் டேப்பில் உள்ள எண்ணைப் பார்த்துக் கழற்றலாம்.

இசட்பூல் அட்டாச், இசட்பூல் ஆட் என்ற இரண்டு கட்டளைகளும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும். அட்டாச் என்றால் மிரரில் இன்னொரு நகல் சேரும். ஆட் என்றால் அந்த ஒற்றை டிஸ்க் தனிப் பிரிவாகச் சேர்ந்து, அது செத்தால் பூல் முழுவதும் போகும். ஆட் கட்டளை ஓட்டுமுன் எப்போதும் முன்னோட்ட விருப்பத்தோடு ஓட்டி, வரப்போகும் அமைப்பைப் படித்துப் பாருங்கள். மிரர் மட்டுமே உள்ள பூலில் இந்தத் தவறைச் செய்துவிட்டால் இசட்பூல் ரிமூவ் மூலம் திருத்த வழி உண்டு. ரெய்டு-இசட் பிரிவு உள்ள பூலில் அந்த வழி கிடையாது. மிரரின் பக்கம் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காம் வருடம் 80 சதவீதம் எட்டும்போது இரண்டு பாதை. காலியான இரண்டு பேயில் இன்னொரு ஜோடியை மிரராகச் சேர்க்கலாம். பழைய தரவு இருந்த இடத்திலேயே இருக்கும், புதியது பெரும்பாலும் புது ஜோடிக்குப் போகும். ரெய்டு-இசட்டிலும் இப்போது ஒவ்வொரு டிஸ்க்காக அகலப்படுத்த முடியும். 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 அதைக் கொண்டுவந்தது. ஆனால் பழைய தரவு மறுபடி எழுதப்படும்வரை பழைய விகிதத்திலேயே இருக்கும், இசட்1-ஐ இசட்2-ஆக மாற்றவும் முடியாது.

இன்னொரு பாதை, ஆட்டோ எக்ஸ்பாண்டை ஆன் செய்துவிட்டு 8 டிபியை ஒவ்வொன்றாக 16 டிபிக்கு மாற்றுவது. இரண்டாவது மாறிய நிமிடம் பூல் தானாக விரியும். இந்த வீட்டுக்கு இதுவே பொருத்தம். சுழலும் டிஸ்க் இரண்டாகவே நிற்கும். வெளியே வரும் இரண்டு 8 டிபியையும் மறுபடி நீண்ட சோதனைக்கு உட்படுத்தி, தேறினால், அலமாரியில் உள்ள மூன்றாவதோடு பேக்கப்புக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.